பெயர் வெட்டிய பாத்திரங்கள்

டாரட் கட்டில் ‘எட்டுக் கோப்பைகள்’ என்றொரு சீட்டு உண்டு. கீழ் வரிசையில் ஐந்து கோப்பைகள், மேலே மூன்று. மேல் வரிசையில் ஒன்று குறைவதுபோல ஓர் இடைவெளி. சிவப்பு உடையில் ஓர் உருவம் கோலூன்றி, நமக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் நடந்து போகிறது. ஆணா பெண்ணா என்று தெரிவதில்லை. கோப்பைகளில் ஒன்றுகூடக் கவிழவில்லை, உடையவில்லை. ‘நிறைவு தராததை விட்டு விலகு, அடுத்ததைத் தேடிப் போ’ என்று இதற்குப் பலன் சொல்வார்கள்.

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெண்ணுக்குக் கைப்பேசியில் இந்தச் சீட்டு வந்தது. புகுந்த வீட்டை விட்டு வந்துவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த மாதம் அது. படத்தை என்னிடம் காட்டிக் கேட்டார்: “போறது சரிக்கா. அந்தக் கோப்பையெல்லாம் யாரு காசுல வாங்குனது? அதை ஏன் விட்டுட்டுப் போகணும்?”

டாரட் படிப்பவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. விலகிப் போவதை மனப்பக்குவமாக மட்டுமே பேசுகிறார்கள். விலகும் பெண்ணுக்கோ அது அன்றைய ராத்திரி எங்கே படுப்பது, வாடகைக்கு முன்பணம் யார் தருவது, ரேஷன் அட்டையில் பெயர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்த விஷயம்.

நம் இலக்கியத்திலும் விலகிப் போகும் பாதை ஆணுக்கே அகலமாக இருந்திருக்கிறது. கல்விக்கு, தூதுக்கு, போருக்கு, பொருளுக்கு என்று தலைவன் பிரியக் காரணங்களைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. கடல்வழிப் பயணத்தில் பெண்ணோடு செல்வது வழக்கமில்லை என்றும் சொல்கிறது. அகப்பாடல்களில் தலைவி வீட்டை விட்டுப் புறப்படுவது உடன்போக்கில்தான்; அங்கேயும் ஒருவன் கூட வர வேண்டும். காரைக்கால் அம்மையார் தனியாகப் போனார். ஆனால் முதலில் விட்டுப் போனவன் அவர் கணவன். அவரோ வீட்டை மட்டுமல்ல, உடம்பின் அழகையே உதறிப் பேயுருக் கொண்டு போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. தனியே நடக்க ஒரு பெண் கொடுத்த விலை அது.

மணிமேகலை மட்டும் வேறு மாதிரி. பாட்டி சித்திராபதி வகுத்த வாழ்க்கையை, உதயகுமாரனின் விருப்பத்தை எல்லாம் விட்டு விலகியவள் கையில் ஒரு பாத்திரம் இருந்தது, அமுதசுரபி. அதைக் கொண்டு ஊரின் பசியாற்றினாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். கோப்பையோடு விலகிப் போனவள் அவள்.

நம் வீடுகளிலும் பாத்திரத்துக்குச் சொந்தக்காரி உண்டு. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கும்போது “என்ன பேரு வெட்டணும்?” என்று கடைக்காரர் கேட்பார். குடத்தில், தாம்பாளத்தில், எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெண்ணின் பெயர் விழும். சீதனம் என்ற சொல்லே ‘ஸ்திரீதனம்’ என்பதிலிருந்து வந்தது, பெண்ணின் செல்வம் என்று பொருள். பேச்சில் அது மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக்கொள்வது என்று தலைகீழாகிவிட்டது.

சட்டம் அதை நேராக்கியிருக்கிறது. பெண்ணின் சீதனம் அவளுக்கே முழுச் சொந்தம், கணவன் வீட்டாரிடம் இருந்தாலும் அவர்கள் அதற்குப் பங்காளிகள் அல்ல என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்ற விதிகளும் 1985இல் வந்தவைதான். அந்தப் பட்டியலைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் எழுதுவதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி போகிறது. சேர்ந்து வாழ்ந்த வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. சீதனத்தைத் திருப்பித் தரும்படி குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம். விலகத்தான் வேண்டும் என்பதுமில்லை, விலகினால் வெறுங்கையோடு போக வேண்டும் என்பதுமில்லை.

இந்தச் சீட்டை வரைந்ததும் ஒரு பெண்தான், பமீலா கோல்மன் ஸ்மித். 1909இல் 78 சீட்டுகளுக்கும் படம் வரைந்தார். கிடைத்த கூலி சொற்பம். கட்டுக்கு விளங்கிய பெயரோ பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெய்ட் என்ற இருவருடையது. 1951இல் வறுமையில் இறந்தார். ஆனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி ஒரு சிறு முத்திரையாக வரைந்து வைத்திருந்தார். பெட்டியில் இல்லாத பெயர் படங்களில் இருந்தது. பின்னாளில் பெண்கள் அவரைத் தேடிப் போனபோது அந்த முத்திரையும் ஒரு சாட்சியாக நின்றது.

என் மாணவிகளுக்கு இந்தச் சீட்டு வந்தால் நான் சொல்லக்கூடிய பலன் இதுதான்: போவதா இருப்பதா என்பதை நீயே முடிவு செய். அதற்கு முன்னால் கோப்பைகளை எண்ணு. எதில் உன் பெயர் இருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வை. சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், நகை ரசீது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மலை எங்கேயும் போய்விடாது.