பாணர் மாய்ந்த ஊரில் ஐப்பசி

கையறுநிலை என்னும் துறையில் மாய்பவன் புரவலன், அழுபவன் பாணன். தொல்காப்பியக் காலந்தொட்டு முறை அதுதான். பாரிக்காகக் கபிலர் அழுதார். அதியமானுக்காக ஔவை அழுதாள். ஈந்த கை சாய்ந்தபின் ஏந்திய கை எங்கே போகும் என்ற கலக்கமே அந்தப் பாட்டுகளின் உயிர். ஐப்பசி மழையில் வன்னியம்பட்டியில் நின்று அதே துறையைத் தொட நினைப்பவனுக்கு முறை தலைகீழாகக் கிடக்கிறது. ஈயும் கை இங்கே சாயவில்லை. ராஜபாளையத்தில் நூற்பாலைகள் ஓடுகின்றன. சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பெட்டி பெட்டியாக வெளியூர் போகிறது. பொங்கல் சாட்டினால் வரி பிரிகிறது, பந்தல் எழுகிறது, அன்னதானம் நடக்கிறது, வாணம் வெடிக்கிறது. புரவலர் நலம். மாய்ந்தவர் பாணர்.

புரவலன் பாணனுக்காக அழும் துறைக்குப் பெயர் வைத்த இலக்கண நூல் ஒன்றுமில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று இலக்கணம் செய்தவர் எண்ணியிருக்க மாட்டார்.

இது ஓசையால் கட்டிய நாடு. திருமலை நாயக்கர் மதுரையில் உச்சிப்பொழுது உணவுக்கு அமர்வதற்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் பூசை முடிந்த செய்தி அவர் காதில் விழவேண்டுமாம். அதற்காக வழிநெடுக மண்டபங்கள் எழுப்பி, ஒன்றில் முழங்கிய நகராவைக் கேட்டு அடுத்ததில் முழக்கி, கொட்டோசையாகவே சேதியை மதுரை வரை கொண்டுபோனார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மடவார் விளாகத்து வைத்தியநாதர் சந்நிதியில் மன்னரின் வயிற்றுவலி தீர்ந்தது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்வார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்பதை ஆய்வாளர் பார்த்துக்கொள்ளட்டும். ஓர் அரசன் பசித்துக் காத்திருக்க, அவன் சோற்றுக்கு உத்தரவு கொடுப்பவன் கொட்டுக்காரன் என்று ஒரு வட்டாரமே நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை எனக்குப் போதும். அந்த மதுரைச் சாலையில் இன்று பேருந்தின் காற்றொலிப்பான் ஒன்றே முழங்குகிறது.

புரட்டாசியும் ஐப்பசியும் இங்கே விழாக் கூடும் காலம். ஆண்டாள் சூடிக்களைந்த மாலையும் கிளியும் பட்டும் கருட சேவைக்காகத் திருப்பதிக்குப் புறப்படும். அது கோயில் பார்த்துக்கொள்ளும் விழா. அதற்கு மானியம் உண்டு, மரியாதை உண்டு, உரிமைக்காரர் உண்டு. நான் அழ வந்தது அதற்காக அன்று. தெருவில் நடப்பதற்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை.

புரட்டாசிப் பொங்கலையும் முத்தாலம்மன் திருவிழாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். டி.கல்லுப்பட்டி வட்டாரத்து ஏழூர் முத்தாலம்மன் சப்பரங்களைப் பார்த்தவர் அந்த உயரத்தை மறக்க மாட்டார். அம்மனுக்கு நிலைத்த சிலை இல்லை. வேளார் மண்ணைப் பிசைந்து உருவாக்குகிறார். வண்ணம் தீட்டிக் கண் திறக்கிறார். கண் திறந்ததும் அவள் தெய்வம். ஊர் சுற்றி, பூசை வாங்கி, பொழுது போனதும் எல்லைக்குக் கொண்டுபோய் உடைத்து மண்ணோடு மண்ணாக்கிவிடுவார்கள். உடைக்கும்போது கொட்டு உச்சத்துக்கு ஏறும், பெண்கள் கதறிவிடுவார்கள். அழுகையை விழாவுக்கு விழா முறைப்படி அழுது பழகிய சனங்கள் இவர்கள். அடுத்த விழாவுக்கும் மண் இருக்கும், வேளார் இருப்பார், அவள் வருவாள் என்ற உறுதியில் அழும் அழுகை அது. கொட்டுக்காரர் வருவாரா என்று எவரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஐப்பசித் தூறலில் தப்புக் காய்ச்சுவதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். அடித்தால் சாக்கில் அடித்த சத்தம்தான் வரும். ஒரு கை வைக்கோலைச் சுவரோரம் குவித்துக் கொளுத்துவார்கள். வட்டச் சட்டத்தை இரு கையாலும் பிடித்து, தோலின் முகத்தைத் தழலுக்கு நேரே காட்டி, கருகாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே நடு விரலால் ஒரு சுண்டு. முதல் சுண்டு மந்தம். மூன்றாவது, நான்காவதில் குரல் ஏறும். கணீரென்று தெறித்ததும் தப்பைத் தோளில் மாட்டி, வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிம்புக்குச்சி. கால் மணி நேரம் அடித்தால் மறுபடி தளரும், மறுபடி தழலுக்குப் போகும். மழைக்கால விழாவில் பாதி நேரம் கொட்டுக்காரருக்கு நெருப்போடுதான் போகும்.

“ஈரம் ஏறிட்டா தோலு பேசாது அண்ணாச்சி. நெருப்பக் காட்டுனாத்தான் வாயத் தொறக்கும்” என்றார் அப்படிக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மகனைக் கேட்டேன். “பய மில்லுல ரெண்டாம் ஷிப்ட்டு. இது வேண்டாம்னுட்டான். நானும் வேண்டாம்னுட்டேன்.”

அந்தக் கடைசிச் சொல்லில்தான் கையறுநிலை பாட வருகிறவனின் வாய் அடைத்துப்போகிறது. கொட்டு எவர் தோளில் ஏற்றப்பட்டது, ஏன் ஏற்றப்பட்டது, சாவு வீட்டு முற்றத்தில் எந்த மூலையில் நின்று அவர்கள் அடித்தார்கள், கூலியை எப்படி வாங்கினார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தந்தை வேண்டாம் என்றது கலையை அன்று, அந்த மூலையை. மகன் மில்லுக்குப் போனது நியாயம். கலையை வைத்துக்கொண்டு மூலையை மட்டும் எடுத்துவிட ஊருக்கு எத்தனையோ தலைமுறை அவகாசம் இருந்தது, ஊர் செய்யவில்லை. இப்போது கொட்டுப் போயிற்றே என்று புலம்பும் நம்மில் பலருடைய கண்ணீரை நான் நம்புவதில்லை, என்னுடையது உட்பட.

சிவகாசியில் 1886-இல் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸுக்கும் இதே கதைதான். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. அவர் முருகனாக வந்தால் அரங்கம் எழுந்து நின்றது. வேடம் கலைத்தால் சாதி முன்னால் வந்து நின்றது. வெள்ளைக்காரனை மேடையிலேயே பாட்டால் குத்தினார். மேடையிலிருந்து இறங்கியதும் போலீஸ் காத்திருக்கும். சிறை, விடுதலை, மறுபடி மேடை, மறுபடி சிறை. கடனில் வீடு போகும் நிலை வந்தது. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில் வாகனத்தில் அமர்ந்து பாடத் தொடங்கியவர் அங்கேயே சாய்ந்தார். அந்த மயில்மீதே உயிர் போயிற்று. அவர் வாழ்ந்த திருமங்கலமும் நகரா முழங்கிய அதே மதுரைச் சாலையில்தான் இருக்கிறது.

தென்மேற்கே போனால் செங்கோட்டை. நாடகப் பாடகர் கிட்டப்பா 1906-இல் பிறந்த ஊர். அங்கிருந்து வரும் ரயில் ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தொட்டுத்தான் இன்றும் போகிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரன் காதிலும் விழுந்த குரல் அவருடையது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அது அடங்கியபோது வயது இருபத்தேழு. அவர் துணைவி கே.பி.சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். 1980-இல் தாம் மறையும்வரை அந்த வெள்ளையை மாற்றவில்லை. துணையை இழந்த பெண்ணின் கையறுநிலையைப் புறப்பாட்டுக்காரர்கள் ‘தாபதநிலை’ என்றார்கள். அதைப் பாட்டாக இல்லாமல் சேலையாகவே உடுத்து நடந்தவர் அவர்.

விஸ்வநாததாஸ், கிட்டப்பா இருவருக்கும் பாட்டுக் கொடுத்த மரபின் மூலவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை அமைத்துச் சிறுவர்களுக்குப் பாடமும் பாட்டும் ஊட்டினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று தென்பாண்டி நாட்டுக் கொட்டகைகள் நூறு ஆண்டாகத் தின்றது அவர் சமைத்த சோறு. எத்தனையோ வாய்களுக்கு வசனம் கொடுத்தவர் கடைசியில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். ஐப்பசி மாதம். கிட்டப்பாவையும் இவரையும் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட இந்தக் கூதிர்க் காற்றுதான் கொண்டுபோயிருக்கிறது.

சுவாமிகள் விட்டுப்போன நாடகத்தை ஊரில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் ஓரூர், பபூன் வேறூர், ஆர்மோனியமும் மிருதங்கமும் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்று இரவு கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஆனாலும் நாரதர் கேட்கும் கேள்விக்கு வள்ளி தர்க்கத்தில் மடக்குவாள்; அவள் எடுத்த சுருதியில் அவர் இறங்குவார்; விடியும்வரை கயிறு அறுபடாது. எல்லாருக்கும் பொதுவாக மனத்தில் சுவாமிகளின் பாடம் இருந்தது என்பதுதான் இரகசியம். சாக்கையும் பாயையும் விரித்துப் படுத்துக்கொண்டே பார்த்த சனங்களுக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். ஓர் அடி விட்டுப் பாடினால் இருட்டிலிருந்து குரல் வரும். இத்தனை கல்வி தெருவில் கொட்டிக் கிடந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது விடிந்து முடிவது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கியை விலக்கிவைத்த நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. விழாக் காலத்தில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை மட்டும் தளர்த்தலாம். பபூன் திரையை விலக்கி வந்து வணக்கம் சொல்லும் நேரத்தில் விதி கண்விழிக்கிறது. வள்ளி கழுத்தில் மாலை விழுந்து சனங்கள் பாயைச் சுருட்டும்போது அது உறங்கப் போகிறது. விதியைச் செய்தவர்கள் தீயவர் அல்லர். நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் இரவு வேண்டும்தான். நிலையத்தில் மனு எழுதிக் கொடுத்து, கண்டும் காணாமல் விடப்பட்டு, இன்றும் சில கொட்டகைகள் விடிய விடிய நடக்கின்றன. தயவில் நடப்பதற்கும் உரிமையில் நடப்பதற்கும் உள்ள தூரம், பாடுகிறவர் தொண்டையில் தெரிந்துவிடும்.

மாசி, பங்குனியில் தொடங்கும் வேலை ஆவணியோடு மெலியும். புரட்டாசி, ஐப்பசியில் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் அம்மன் விழாக்கள்தான் கலைஞர் வீட்டுக்குக் கடைசி வரவு. பிறகு தை வரை அடைமழையும் அடகுக் கடையும். 2020 மார்ச் 25 அன்று கொரோனாவால் நாடு அடைபட்டபோது பங்குனி பாதிகூட ஆகவில்லை. முன்பணம் வாங்கிய தேதிகள் எல்லாம் அப்படியே போயின. மறு ஆண்டுச் சித்திரையும் அவர்களுக்குத் திரும்பி வரவில்லை. ஆர்மோனியத்தை விற்றவர் உண்டு. தவிலை உறையிலிருந்து எடுக்காமலே வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர் உண்டு. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்கள் இறந்துவிடவில்லை என்பதால் அவர்களுக்காக ஊர் அழவும் இல்லை.

கலைஞரை நினைத்த புரவலரும் இங்கே இருந்ததுண்டு. ராஜபாளையத்துப் பூ.ச.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக இருந்தவர், பிறகு ஒரிசாவின் ஆளுநர். குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பறம்பு மலையின் வள்ளலுக்குக் கபிலர் பாடினார். இவர் கொடுத்ததும் சிறிதன்று. தலைமை அமைச்சராக இருந்தவர் கலைக்கு வீட்டைக் கொடுத்தார் என்று சொன்னால் இன்று கேட்பவர் நம்பத் தயங்குவார். கலைக்கு ஒரு கூரை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொட்டகையும் முச்சந்தியும்தான் தெருக் கலைஞர்களுக்குக் கூரை. மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

இப்போதும் வன்னியம்பட்டிப் பக்கம் சுவர்களில் விழா நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். உபயதாரர் பெயர்கள் படத்தோடு முக்கால் பங்கு. ஒலி, ஒளி அமைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில். அடியில் ஒரு வரி: ‘மேளதாளம் முழங்க’. எந்த ஊர் மேளம், யார் தவில், யார் நாகசுரம், பம்பை யார் என்று இல்லை. ஒரு காலத்து நோட்டீஸில் ராஜபார்ட்டின் படம் அம்மன் படத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும். பெயருக்கு முன்னால் ஊரும் பட்டமும் மூன்று வரி ஓடும். மழைநீர் இறங்கி அந்தத் தாள் சுவரில் ஊறிக் கிழியும்வரை கலைஞனுக்கு ஊர் முழுக்க முகம் இருந்தது. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவரின் முகம்தான் இப்போது அந்த இடத்தில். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவரும் சின்ன வயதில் சாக்கில் படுத்து நாரதரைக் கேட்டவராகவே இருப்பார். ஒரு மூட்டை அரிசியின் விலையில் ஒரு மேளத்துக்குப் பாதிக் கூலி ஆகும் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நவம்பர் 13 வந்தால் புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுவாமிகளின் சமாதி அங்கே. ஐப்பசி மழையைப் பார்த்து வேறு விழாக்கள் தள்ளிப்போகும்; இது போகாது. மாலை சாத்தி, சுற்றி உட்கார்ந்து, வயதானவர் இளையவர் என்று பாராமல் அவர் பாட்டையே அவருக்குப் பாடிக் காட்டுகிறார்கள். ஓர் அடி விட்டவரை மற்றவர்கள் அங்கேயும் விடுவதில்லை, திருத்துகிறார்கள். அன்று பாடுவதற்கு யாரும் முன்பணம் கேட்பதில்லை.