வீட்டுக்கு ஒரு டிஸ்க் பெட்டி

பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு நெட்வொர்க் கேபிள், ஒரு இலவச மென்பொருள் இருந்தால் போதும், அது வீட்டுக்கே பொதுவான கோப்புப் பெட்டி ஆகிவிடும். இதற்கு நாஸ் என்று பெயர். கடையில் ரெடிமேடாக வாங்கினால் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

சேந்தமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் கல்யாண வீடியோ ஒரு போனில், தாத்தாவின் கடைசிப் படங்கள் இன்னொரு போனில். அப்பாவின் கடைக் கணக்கு லேப்டாப்பில். ஸ்கேன் செய்த நிலப் பத்திரம் பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் எங்கே என்று யாருக்கும் தெரியாது! எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தால் நிம்மதிதானே?

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஓப்பன்மீடியாவால்ட் என்ற மென்பொருள் 2011-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு சின்ன டிஸ்க்கில் தனியாக நிறுவ வேண்டும். கோப்புகளுக்கான டிஸ்க்குகள் வேறு. அதன்பின் மானிட்டரும் கீபோர்டும் தேவையில்லை, வீட்டில் உள்ள வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்தே எல்லாவற்றையும் செய்யலாம். பழைய டிஸ்க் என்றால் முதலில் அதன் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது.

இன்னொன்று. 2 டிபி டிஸ்க் விண்டோஸில் 1.81 என்று காட்டும். உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். 2 லட்சம் கோடி பைட்டும் பத்திரமாக அங்கேயே இருக்கின்றன.

அடுத்தது பகிர்வு. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி எஸ்எம்பி. அந்த மொழியை லினக்ஸுக்குக் கற்றுக்கொடுத்த மென்பொருள் சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல் கொடுப்பது நல்லது. குட்டீஸுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும், அழிக்கும் அனுமதி வேண்டாம்! எஸ்எம்பியின் முதல் பதிப்பை அணைத்தே வைக்க வேண்டும். 2017 மே மாதம் உலகத்தையே கலங்கடித்த வான்னாகிரை அந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம். இரண்டு டிஸ்க்கையும் கண்ணாடி போல ஒன்றுக்கொன்று நகலாக வைப்பதற்கு ரெய்டு 1 என்று பெயர். இரண்டு 2 டிபி டிஸ்க் போட்டாலும் கிடைக்கும் இடம் 2 டிபிதான். ஆனால் ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். இதைச் செய்ததும் பலர் "இனிமேல் கவலையில்லை" என்று போன்களில் உள்ள படங்களை அழித்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரெய்டு என்பது வண்டியில் இருக்கும் ஸ்டெப்னி மாதிரி. ஒரு டயர் பஞ்சரானால் வண்டி நிற்காது. வண்டியே திருடு போனால்? ஸ்டெப்னியும் சேர்ந்து போய்விடும். தம்பி கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் கண்ணாடியிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். மழைக்காலத்தில் ஒரு இடி இறங்கினால் இரண்டும் ஒன்றாகக் கருகும். யுபிஎஸ் அவசியம்தான், ஆனால் அதுவும் எல்லாவற்றையும் தடுக்காது.

ஒரே கட்டிடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்து வருகிறது. ஆனால் எரிந்துபோன ஒற்றைப் பிரதியை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.

இதற்கு நேர்மாறான கதை சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும்? அவனைப் பாடிய புறநானூற்றை யார் யாரோ தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்து வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தார்கள். உ.வே. சாமிநாதையர் அந்த ஏடுகளைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டு 1894-ல் அச்சிட்டார். ஓலையைக் கரையான் தின்றது, ஆனால் எல்லா ஊர் ஓலையையும் தின்னவில்லை.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதியும் இதைத்தான் சொல்கிறது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஆகவே டிஸ்க் பெட்டிக்குச் செலவு செய்யும்போதே, யுஎஸ்பியில் செருகும் ஒரு வெளி டிஸ்க்குக்கும் சேர்த்து பட்ஜெட் போடுவது புத்திசாலித்தனம். வணிகவியல் கணக்கில் இது இன்சூரன்ஸ் பிரீமியம். மாதம் ஒருமுறை நகல் எடுத்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி செம்மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பீரோவில் வைத்துவிடலாம். நகல் எடுத்ததும் நாலைந்து படங்களையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் கணக்கில் சேராது.

ஹார்ட் டிஸ்க் போனால் நாமக்கல்லில் புதிது வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் கடைசிப் படம் எந்தக் கடையில் கிடைக்கும்?