மலையடிவாரத்தில் இரு நாள் ஓட்டம்

2021 மே மாதத்தில் எங்கள் அத்தா வஃபாத்தானார்கள். கொரோனா இரண்டாம் அலையின் உச்சம் அது. ஜனாஸா தொழுகையில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களில் இளையவர் அந்த வரிசையில் நின்றார். மூத்தவர் ஷார்ஜாவில் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அண்ணன் தம்பி இருவர். இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

அப்போது இந்தியாவிலிருந்து வருவோருக்கு ஐக்கிய அரபு அமீரகம் தடை விதித்திருந்தது. ஊருக்கு வந்தால் திரும்பிச் செல்ல வழியில்லை, வேலை போய்விடும். ஆகவே மூத்தவர் வரவில்லை. அத்தாவின் மருத்துவச் செலவு அவர் அனுப்பிய பணத்தில்தான் நடந்தது. ஆயினும், “வேலைதான் பெரிதாகப் போயிற்று” என்று இளையவர் ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உறவைத் துண்டிப்பதன் கேட்டை மிம்பரிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டது காதோடு நின்றுவிட்டது.

அக்காலத்தில் இருவருமே நலமாக இல்லை. இளையவருக்கு இரவில் உறக்கம் போயிற்று; தொழுகையில் நின்றால் எத்தனை ரக்அத் என்பது மறந்துபோகும். தயங்கித் தயங்கி ஒரு மனநல மருத்துவரிடம் சென்றார். அவர் மருந்தும் தந்தார், நாள்தோறும் நடக்கவும் சொன்னார். ஃபஜ்ருக்குப் பின் முடங்கியார் சாலையில் நடக்கத் தொடங்கியவர், சில மாதங்களில் ஓடத் தொடங்கினார். கடல் கடந்து மூத்தவரும் இஷாவுக்குப் பின் தனியே ஓடிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது.

மனம் சோர்ந்தவனுக்கு ஈமான் குறைவு என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்னும் முஸ்லிம் அறிஞர், உடலையும் உள்ளத்தையும் பேணுவதைப் பற்றி ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் புலப்படாத துயரத்தையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மனச்சோர்வு தணியவும் அது உதவும். ஓட்டம் மருத்துவத்திற்கு மாற்று அன்று, அதற்குத் துணை.

பிரிட்டனில் 1968 முதல் நடந்துவரும் இரு நாள் மலை மராத்தான் ஒன்றைப் பற்றி இளையவர் படித்தார். அதில் இருவர் இருவராகவே ஓட வேண்டும். கூடாரம், உணவு, மாற்றுடை எல்லாவற்றையும் தாமே சுமக்க வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவரின் ஓட்டமும் அங்கேயே முடிந்தது. இதைப் படித்ததும் அவர் அண்ணனுக்கு ஒரே வரி எழுதினார்: “விடுமுறையில் வந்தால் சேர்ந்து ஓடலாமா?”

2023 ஜனவரியில் மூத்தவர் வந்தார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, “ஒரே சஹன்ல சாப்பிட மறந்த புள்ளைங்க, ஒரே பாதையில ஓடப்போறீங்களாக்கும்” என்றார்கள்.

எங்கள் பக்கத்து மலை திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம், 2021இல் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி உள்ளே போகலாகாது. யானைகள் தோப்புகளுக்கு இறங்கும் இடம் என்பதால் பொழுது நன்றாக விடிந்த பின்னரே புறப்பட்டோம். அடிவாரச் சாலைகளே எங்கள் களம். முதல் நாள் இராஜபாளையத்திலிருந்து மேற்கே, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்து அய்யனார் கோவில் காட்டின் விளிம்பு வரை சென்று திரும்பினோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முதுகில் வெயில், எதிரே மலை, இருபுறமும் மாந்தோப்பும் தென்னையும். அன்று நாங்கள் பேசியது “தண்ணீர்”, “மெதுவாக” என்னும் இரண்டு சொற்கள்தாம்.

இரண்டாம் நாள் திருவில்லிபுத்தூருக்குப் பெருஞ்சாலையின் ஓரமாக ஓடினோம். கோபுரம் தொலைவிலேயே தெரிந்தது. ஊருக்குள் ஆளுக்கொரு பொட்டலம் பால்கோவா வாங்கிக்கொண்டு, மேற்கே செண்பகத்தோப்பு நோக்கித் திரும்பினோம். சாம்பல் நிற அணில்களுக்கென 1988இல் சரணாலயமான காடு அது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் மூத்தவரின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவர் சாலையோரம் அமர்ந்துவிட்டார். இளையவர் அமர்ந்து அந்தக் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். அப்போது மூத்தவர் சொன்னார்: “அன்னைக்கு விமான டிக்கெட் கையில இருந்துச்சுடா தம்பி. அத்தாதான் போன்ல, ‘வராதே, நீ வேலையை விட்டா இங்க ஆஸ்பத்திரிக்கு யார் கட்டுவா’ன்னு சொன்னாங்க. அவங்க பேர்ல பழி வரக்கூடாதுன்னு நான் யார்கிட்டேயும் சொல்லலை.”

இளையவரால் பேச முடியவில்லை. அவருடைய கை அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, “என்னை மன்னிச்சிருங்கண்ணே” என்றார். மீதித் தொலைவை நொண்டி நொண்டி நடந்தே முடித்தோம். திரும்பி வந்து திருவில்லிபுத்தூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் லுஹர் தொழுதோம். தோளோடு தோள் சேர்த்து நாங்கள் நின்றது நெடுநாளைக்குப் பின் அன்றுதான்.

ஹஜ்ஜிலும் உம்ராவிலும் நாம் செய்யும் தொங்கோட்டம் அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் ஓட்டம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஆனால் ஸம்ஸம் அவர்கள் ஓடிய குன்றுகளில் சுரக்கவில்லை. குழந்தை கிடந்த இடத்தில் சுரந்தது. ஓடுவது நம் கடமை. நீரை எங்கே தருவது என்பது அல்லாஹ்வின் நாட்டம். எங்களுக்கும் அது ஓடிய சாலையில் கிடைக்கவில்லை, கால் பிடித்து உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது. துயர ஆண்டுக்குப் பின் தாயிஃபுக்குச் சென்ற நபி (ஸல்) அவர்களும் தனியே செல்லவில்லை. ஸைத் (ரலி) அவர்கள் உடன் சென்றார்கள் என்பதையும் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பேசாமல் இருக்கும் இருவர் இருக்கலாம். மராத்தான் வேண்டாம், அஸருக்குப் பின் ஒரு தெரு தூரம் சேர்ந்து நடந்தால் போதும். எங்கள் அத்தாவின் மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள். பிரிந்த உள்ளங்களை அல்லாஹ் சேர்த்து வைப்பானாக, ஆமீன்.