பொருள் மூன்று, கைகள் நாற்பது

நாற்பது வீரர்கள் ஒருங்கே நின்று போரிட்டுப் பெரும்பகை ஒன்றை வீழ்த்துகின்றனர். ஆனால், வெற்றிப்பொருளாகக் கிடைப்பனவோ இரண்டு மூன்று படைக்கலன்களே. அவற்றை யாருக்கு அளிப்பது? 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டில், 'மோல்டன் கோர்' என்னும் தீக்குகையில் புகுந்த குழுக்கள் வாரந்தோறும் எதிர்கொண்ட வினா இது. கற்பனை வாளுக்கு ஏன் இத்துணைப் பூசல் என நகைப்போரும் உளர். வாள் கற்பனையே, அதற்காக நாற்பது பேர் விழித்திருந்த இரவுகள் கற்பனையல்ல.

தொடக்கத்தில் பகடையே நடுவராக இருந்தது. விரும்பியோர் ஒன்று முதல் நூறு வரை எண் உருட்டுவர். பேரெண் பெற்றவர் பொருளைப் பெறுவர். தேவையுடையோர் முதலில் உருட்டட்டும், ஏனையோர் பின்னர் உருட்டட்டும் என்னும் திருத்தமும் வந்தது. பகடைக்கு ஓரவஞ்சனை இல்லை, நன்றியும் இல்லை. ஆறு மாதம் உழைத்தவரும் அன்றுதான் வந்தவரும் அதற்கு ஒன்றே.

இக்குறையை நீக்கப் பிறந்ததே புள்ளிமுறை. 1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டின் குழுக்களிடையே தோன்றிய இதற்கு, 'டிராகன் கில் பாயிண்ட்ஸ்' என்று பெயர். ஒவ்வொரு போருக்கும் வந்தவர் கணக்கில் புள்ளிகள் சேரும்; பொருளைப் பெறுபவர் புள்ளிகளை இழப்பார். இதன் ஒரு வகையில், ஒருவர் செலுத்தும் புள்ளிகள் ஏனையோர்க்குச் சமமாகப் பிரியும். நாற்பதின்மரில் ஒருவர் 390 புள்ளிகள் கொடுத்து வாளைப் பெற்றால், எஞ்சிய முப்பத்தொன்பதின்மர்க்கும் தலா 10 புள்ளிகள் கிட்டும். வாள் ஒருவர்க்கு, வாய்ப்பு மற்றவர்க்கு!

ஆயினும், புள்ளி வருகையை அளக்குமேயன்றி உழைப்பின் தரத்தை அளக்காது. மூத்தோர் புள்ளிகளைக் குவித்து வைத்தால் புதியோர் நெடுநாள் வெறுங்கையுடன் நிற்க நேரும். எனவே, பழைய புள்ளிகளைக் காலந்தோறும் சிறிது குறைக்கும் வழக்கத்தைச் சில குழுக்கள் மேற்கொண்டன.

வேறு சில குழுக்கள் அவையொன்றை அமைத்தன. இப்பொருளால் குழுவிற்கு மிகுபயன் தருபவர் யார் என்பதே அவ்வவையின் வினா. அறிவார்ந்த முறைதான், எனினும் அவையினரே பொருளையும் பெற்றால், பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை நினைவிற்கு வருமன்றோ? பகைவரைத் தாக்குவோரின் வலிமை எண்களாகப் பளிச்சிட, தோழரின் காயம் ஆற்றியவரின் தொண்டு அவையின் கண்ணிற்படாமல் போவதும் உண்டு.

2018இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை உருவாக்கிய நிறுவனம், தலைவர் பங்கிடும் முறையை நீக்கி, விளையாட்டே ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பொருள் வழங்குமாறு செய்தது. பூசல் குறைந்தது, தோழர்க்கு விட்டுக்கொடுக்கும் வாய்ப்பும் குறைந்தது. 2022இல் அங்குக் கூட்டாக உருட்டிப் பெறும் முறை மீண்டும் இடம்பெற்றது.

பகடை வாய்ப்பையும், புள்ளி உழைப்பையும், அவை பயனையும் மதிக்கின்றன. மூன்றையும் ஒருசேர நிறைவுசெய்யும் முறை எதுவுமில்லை. எனவே, எம்முறையாயினும் போருக்கு முன்பே அனைவர்க்கும் அறிவிக்கப்பட வேண்டும். தலைவர்க்கும் அதுவே விதியாக வேண்டும். வாள் தன் கைக்கு வராத நாளிலும் ஒருவர் அடுத்த வாரப் போருக்கு மனமுவந்து வருவாராயின், அக்குழுவின் பங்கீடு நேரியது எனலாம்.