மேதாவிகளுக்கும் ஓர் ஆசிரியர்

"கெட்டிக்காரப் பிள்ளைக்கு வாத்தியார் எதற்கு?" என்று எங்கள் ஊர்ப் பெரியோர் சிலர் கேட்பதுண்டு. கூர்த்த மதியுடைய பிள்ளை தானே படித்துத் தானே முன்னேறும். மந்தமான பிள்ளைக்கன்றோ ஆசிரியர் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. பள்ளிப் பருவத்தில் யானும் இதனை உண்மையென்றே நம்பியிருந்தேன். அது பிழையென்பதை எனக்கு முதலில் உணர்த்தியவர் ஒரு தற்காலிக ஆசிரியர். பல்லாண்டு கழித்து அவரை எனக்கு நினைவூட்டியதோ, சென்ற ஆண்டு விடுதியில் யான் கண்ட ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துச் சில கூற விரும்புகின்றேன்.

மழை விடாது பெய்த ஒரு விடுமுறை நாளில் அறைத்தோழர் ஒருவர் தம் மடிக்கணினியில் அத்தொடரைக் காட்டினார். அதன் பெயர் 'ஹெட் ஆஃப் தி கிளாஸ்'; வகுப்பில் முதல்வன் என்று பொருள்படும். அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1986ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 1991ஆம் ஆண்டு ஜூன் வரை 114 பகுதிகளாக ஒளிபரப்பப்பெற்றது. அதனை ஆக்கியோர் ரிச் யூஸ்டிஸ், மைக்கேல் எலியாஸ் என்னும் இருவர். இவருள் ஒருவர், நடிகராக வேண்டுமென்னும் ஆசையோடு நியூயார்க்கு நகரில் வாழ்ந்த காலத்தில், விடுப்பிற் சென்ற ஆசிரியர்க்குப் பதிலாகப் பாடஞ்சொல்லிப் பிழைத்தவர். தாம் கண்டறிந்த வாழ்வையே அவர் கதையாக்கினார் போலும்.

கதை நிகழுமிடம் நியூயார்க்கில் ஒரு மேனிலைப் பள்ளி. அங்கே அறிவிற் சிறந்த மாணாக்கரைப் பொறுக்கித் தனி வகுப்பாக வைத்துள்ளனர். கணக்கிற் புலியாய், ஒரு நாளும் பள்ளிக்கு வாராதிராத ஆர்விட். கவிதை நெஞ்சினளாகிய சிமோன். அரசியலிற் பெரும்பதவி அடையக் கனவு காணும் ஆலன். வயதிற் சிறியளாயினும் மூத்தோர் நடுவே அமர்ந்திருக்கும் ஜானிஸ் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையினர். ஜவஹர்லால் என்னும் பெயரோடு இந்திய மாணாக்கன் ஒருவனும் அவர்களிடையே உளன். அப்பெயரைக் கேட்டதும் அறையில் இருந்தோர் அனைவரும் ஆரவாரித்தோம்.

இவ்வகுப்புக்குப் பதிலாசிரியராக வருகின்றார் சார்லி மூர் என்பார். ஹோவர்ட் ஹெஸ்ஸெமன் என்னும் நடிகர் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். அவருக்கு உரிய பாடம் சரித்திரம். ஆயின் சரித்திர நூலில் உள்ளவற்றை அம்மாணாக்கர் அவரினும் நன்கு அறிவர். அவர்கள் அறியாதன வேறு சில: தோல்வியைத் தாங்குதல், மதிப்பெண் இல்லாத ஒன்றையும் விரும்பிச் செய்தல், தம்மினும் மெதுவாக நடப்பாரோடு சேர்ந்து நடத்தல். இவற்றையே அவர் நகையும் வேடிக்கையுமாகக் கற்பிக்கின்றார். 1988இல் இக்குழுவினரை மாஸ்கோ நகருக்கே அழைத்துச் சென்று சில காட்சிகளைப் படம்பிடித்தனர். அமெரிக்க நகைச்சுவைத் தொடரொன்று சோவியத் நாட்டிற் படமாக்கப்பெற்றது அதுவே முதன்முறை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, யான் மட்டும் இடையில் எழுந்து வெளித்திண்ணைக்குச் சென்றேன். காரணத்தை இனிக் கூறுவேன்.

எனது ஊர் சூளகிரி. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே பெருஞ்சாலையை ஒட்டி, பெருமாள் கோயில் கொண்ட பாறை மலையின் அடியில் அமைந்தது. வீட்டிற் தெலுங்கும், சந்தையிற் கன்னடமும், பள்ளியில் தமிழுமாக வளர்வது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் இயல்பு. விடியுமுன்னே கொத்தமல்லிக் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் வண்டியேறும்; அதே வேளையில் ஓசூர்த் தொழிற்சாலைகளின் பேருந்துகள் வேலையாட்களை ஏற்றிச் செல்லும். பிள்ளைகள் கழனிக்கோ ஆலைக்கோ போதல் வேண்டும். மூன்றாம் வழி படிப்பு ஒன்றே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இற் பிறந்து, ஓசூரிற் படித்து, 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த இராஜாஜியின் பெயரைக் கேளாமல் எங்கள் பள்ளியில் ஓர் ஆண்டு விழாவும் முடிந்ததில்லை.

யான் பயின்ற பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் முதன்மையான மாணாக்கர் பதின்மரைத் தேர்ந்து தனியறையில் அமர்த்தினர். யானும் அப்பதின்மருள் ஒருவன். எங்களுக்கு மட்டும் மாலை வகுப்பும் அச்சிட்ட வினாத்தொகுப்பும் கிடைத்தன. என் பக்கத்து வீட்டுத் தோழன் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கொத்தமல்லி விளைவிக்கும் குடியானவர் மகன் அவன். வண்டியிலிருக்கும் கட்டுகளை ஒரு நோக்கிற் கணித்து, தரகரும் வியக்க விலை சொல்வான். ஆயின் தமிழில் எழுதுங்கால் அவன் கை தடுமாறும். தாய்மொழி தெலுங்காதலின் ஒற்றெழுத்துகள் அவனை ஏய்த்துவிடும். அவ்வளவே அவன் குறை.

ஒரு நாள் இரவு அவன் என் வீட்டுக்கு வந்து, "அந்த வினாத்தொகுப்பை ஒரு ராத்திரிக்குக் கொடுடா, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றான். "வகுப்பிலேயே வைத்துவிட்டேன்" என்றேன். அஃது என் பையில் இருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து அதன் ஓரம் தெரிந்திருக்கவும் கூடும். "சரி" என்று போய்விட்டான்.

அக்காலத்தில் கணக்காசிரியர் மாறுதலாகிச் செல்லவே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் சிறு சம்பளத்தில் இளைஞர் ஒருவரை அமர்த்தினர். முதல் நாளே அவர் சாளரத்தின் வழியே மலையைக் காட்டி, "அதன் உயரம் என்ன?" என்று வினவினார். பதின்மரும் வாய்மூடி இருந்தோம். "புத்தகத்தில் இல்லை ஐயா" என்றான் ஒருவன். "புத்தகத்தில் முக்கோணவியல் இருக்கிறதல்லவா?" என்று கூறி, பாகைமானியில் நூல்கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு, எங்களை வெளியே அழைத்துச் சென்றார். உச்சியை இரண்டு இடங்களிலிருந்து நோக்கி, இரு ஏற்றக்கோணங்களையும் இடைத்தூரத்தையும் அறிந்தால் உயரம் கிடைக்கும். சூத்திரம் எங்களுக்கு மனப்பாடம். பள்ளி மைதானத்தில் ஐம்பதடி இடைவிட்டு அளந்தோம். பதின்மருக்கும் பத்து விடைகள் வந்தன; ஒருவனுடைய மலை மற்றொருவனுடைய மலையினும் மும்மடங்கு உயர்ந்திருந்தது! சூத்திரத்தை மீண்டும் மீண்டும் சரிபார்த்தோமேயன்றி, வேறொன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

வேலியோரத்தில் நின்று வேடிக்கை பார்த்த என் தோழன் சிரித்தான். ஆசிரியர் அவனை அருகழைத்துக் காரணம் கேட்டார். "ஐம்பதடி நகர்ந்தால் நாம் நகர்ந்தது மலைக்குத் தெரியுமா ஐயா? ஏரி வற்றிக் கிடக்கிறது; அந்தக் கோடியில் ஒருமுறை, இந்தக் கோடியில் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும்" என்றான். அதுவே உண்மை. இடைத்தூரம் சிறிதாயின் இரு கோணங்களுக்கும் வேற்றுமை ஒரு பாகையளவும் இராது. எங்கள் பாகைமானியோ ஒரு பாகைக்குக் குறைந்ததைக் காட்டாது. சூத்திரம் அறிந்த பதின்மரும் காணாததைச் சூத்திரம் அறியாத ஒருவன் கண்டான். ஏரிக்குள் இறங்கி அளந்தபோது விடைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன.

அன்று மாலை ஏரிக்கரையில் அமர்ந்து ஆசிரியர் கணித மேதை இராமானுஜன் வரலாற்றைக் கூறினார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் 1904இற் பரிசு பெற்ற அப்பிள்ளை, அரசினர் கல்லூரியிற் புகுந்ததும் கணக்கையன்றிப் பிற பாடங்களைக் கருதாது தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்விற் தேறவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்கு அவர் எழுதிய கடிதமே உலகுக்கு அவரைக் காட்டியது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். "தேர்வுச் சல்லடை நல்ல சல்லடைதான், ஆனால் கீழே விழுந்ததெல்லாம் உமியென்று எண்ணிவிடாதீர்கள்" என்றார் ஆசிரியர். என் தோழன் என் பக்கத்தில் அமர்ந்திருந்தான். யான் அவன் முகத்தை நோக்கவில்லை.

மறுநாள் முதல் அவனும் எங்கள் அறையில் அமரவேண்டுமென்று அவர் வேண்டியதாகக் கேள்வி. அது நடைபெறவில்லை. சில திங்களில் நிரந்தர ஆசிரியர் வந்துவிட, அவரும் ஊரைவிட்டுச் சென்றார்.

திறமுடையாரைத் தனியே தேர்ந்து கற்பித்தலே தீதென்று யான் வாதிக்க வரவில்லை. அமெரிக்கத் தொடர் தொடங்கிய அதே 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நாட்டுப்புறத்துத் திறமுடைய சிறார்க்கென மாவட்டந்தோறும் நவோதயப் பள்ளி வேண்டுமென்றது. எல்லைக்கு அப்பால் மாலூரில் வாழும் என் மாமன் மகன் அத்தகைய பள்ளியொன்றிற் படித்தே முன்னேறினான். எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் எங்களுக்கு அப்பள்ளி இல்லை. அண்மையாண்டுகளில் நம் மாநில அரசு நடத்தும் மாதிரிப் பள்ளிகளும் எளியோர் வீட்டுப் பிள்ளைகளை உயர்கல்விக்கு ஏற்றிவிடுகின்றன. ஏணி நன்றே. ஆயின் ஏணியில் ஏறியவன் தன்னை வானத்திற் பிறந்தவனாகக் கருதாதிருக்க, அவனுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கீழே நிற்பவனை மறவாதிருக்க, அவனுக்கு ஒரு மனச்சான்றும் வேண்டும்.

நிற்க. என் தோழன் பொதுத்தேர்வில் தேறினான். எனினும் அவ்வாண்டு தக்காளியும் கொத்தமல்லியும் விலை வீழ்ந்தமையின் மேற்படிப்பிற் சேராது ஓசூரில் ஓர் ஆலையில் ஒப்பந்த வேலைக்குச் சென்றான். அவ்வினாத்தொகுப்பைத் தந்திருந்தால் அவன் வாழ்வு மாறியிருக்குமென்று யான் கூறேன். என் வாழ்வு சிறிது மாறியிருக்கும் என்பது மட்டும் உறுதி.

அத்தொடரைக் கண்டபின் வந்த விடுமுறையில் அவனைத் தேடிச் சென்றேன். இரவு வேலை முடித்து வந்து, தேநீர்க் கடையில் நின்றிருந்தான். அன்றைய பொய்யைச் சொல்லி, "மன்னித்துவிடடா" என்றேன். "பை திறந்துதானே கிடந்தது, எனக்கு அப்போதே தெரியும்" என்றான். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அஞ்சல்வழியில் மேனிலைத் தேர்வு எழுத எண்ணியிருப்பதாகவும், முக்கோணவியல் மறந்துபோயிற்று என்றும் கூறினான். அவ்விடுமுறை முழுதும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அவனோடு அமர்ந்தேன். கற்பித்தவன் யான் என்று சொல்லத் துணியேன். அவன் கேட்ட வினாக்களுள் பாதிக்கு என்னிடம் விடை இல்லை.

கல்லூரித் தோழர்களே! நம்முட் பலர் ஏதேனும் ஒரு தேர்விற் பொறுக்கி எடுக்கப்பட்டே ஈண்டு வந்துள்ளோம். அதில் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயின் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், அன்று வேலியோரத்தில் நின்றவன் எங்கே என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். நம் பையில் நாம் ஒளித்துவைத்த ஏடு ஏதேனும் இருப்பின், அதனை அவன் கையிற் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். காலம் கடந்ததாயினும் கொடுத்தல் நன்று.