‘பிரெஞ்சுக்காரன்’ என்ற ஒரு பொய்... உயிர் தப்பியவர் நடத்திய விசித்திர சோதனை!

1940. ஜெர்மன் ராணுவத்திடம் சிக்கிய பிரெஞ்சு சிப்பாய்களில் ஹென்றி டாஜ்ஃபெலும் ஒருவர். இருபது வயதைத் தொட்டிருந்த இளைஞர். போலந்தில் பிறந்த யூதர். படிக்கப் போன பிரான்ஸில் போர் வெடிக்க, அந்நாட்டு ராணுவத்திலேயே சேர்ந்தவர்.

தான் யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. போலந்துக்காரர் என்பதைத்தான் மறைத்தார். பிரெஞ்சு ராணுவத்தின் யூதக் கைதி பிழைத்துக்கொள்ளலாம். போலந்து யூதர் என்று தெரிந்தால் சாவுதான். அதே ஆள், அதே முகம். எந்தக் கூட்டத்தில் பெயர் இருக்கிறது என்பதில்தான் உயிர் இருந்தது. போர் முடியும்வரை முகாம்களில் அந்தப் பொய்யோடு வாழ்ந்தார். வெளியே வந்தபோது, குடும்பத்தில் யாருமே மிஞ்சவில்லை.

பிறகு இங்கிலாந்தில் உளவியல் பேராசிரியரானார். ‘நாம்’, ‘அவர்கள்’ என்று மனிதர்கள் பிரிய என்னதான் வேண்டும்? பழைய பகையா, வறுமையா, தலைவர்களின் பேச்சா? இது எதுவுமே இல்லாவிட்டால்?

பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை அழைத்தார். எல்லோரும் ஏற்கெனவே பழகியவர்கள். சில ஓவியங்களைக் காட்டி, ‘உனக்கு க்ளீ பிடித்திருக்கிறது, நீ க்ளீ அணி’, ‘நீ காண்டின்ஸ்கி அணி’ என்று தனித்தனியாகச் சொன்னார்கள். உண்மையில் ரசனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சீட்டுக் குலுக்கியது மாதிரிதான் பிரித்தார்கள்.

அடுத்து, தனியறையில் உட்கார்ந்து மற்ற இரண்டு பேருக்குக் காசு பிரிக்க வேண்டும். பெயர் தெரியாது. ஓர் எண்ணும், அணியும் மட்டும் தெரியும். பிரிப்பவனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

பெரும்பாலானவர்கள் தங்கள் அணிக்கே அதிகம் கொடுத்தார்கள். சரி, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். உறுத்துவது இன்னொன்று. ஒரு பட்டியலில், தன் அணிப் பையனுக்கு 19 புள்ளி கொடுத்தால் எதிரணிக்கு 25 போகும். 7 கொடுத்தால் எதிரணிக்கு 1தான். 19தானே லாபம்? பையன்கள் அதை விட்டுவிட்டு, தங்கள் அணி கொஞ்சமாவது முந்தி நிற்கும் பக்கம் சாய்ந்தார்கள். நமக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனுக்குக் கூடிவிடக் கூடாது! இத்தனைக்கும் 10 புள்ளி சேர்ந்தால்தான் ஒரு பென்னி.

1970-ல் இந்த முடிவுகள் வெளியாயின. ‘அணி என்று சொன்னாலே பசங்க போட்டி என்றுதானே நினைப்பார்கள்?’ என்று குறை சொன்னவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் பையன்களைப் போட்டி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காசு குறைக்கப்பட்ட அந்த எண்ணுக்குப் பின்னால், வகுப்பில் தினமும் பக்கத்தில் உட்காரும் நண்பனேகூட இருந்திருக்கலாம்.