கைதியும் கையொப்பமும்

கைதி, ஜாமீன், வக்கீல், ரசீது, மகஜர், ஆஜர். காவல் நிலையத்தின் வாயிற்படியை ஒருநாளும் மிதித்திராத நம் தாய்மார்களும் அறிந்த சொற்கள் இவை. அரபியிலும் பார்சியிலும் பிறந்து, நவாபுகளின் கச்சேரிகள் வழியே தமிழுக்கு வந்து, வெள்ளையர் ஆட்சியிலும் நிலைபெற்று, இன்றளவும் வழங்கி வருகின்றன. இவற்றுள் கடைசி இரண்டை மட்டும் சற்றே உற்று நோக்குவோம். கைப்பற்றிய பொருள்களைச் சாட்சிகளின் எதிரில் எழுதி வைக்கும் தாள் மகஜர். கைதானவரை நீதிபதியின் எதிரில் நிறுத்துவது ஆஜர்படுத்துதல். இரண்டு சொற்களுக்கும் அரபியில் வேர் ஒன்றே. முன்னே இருத்தல், நேரில் வருதல் என்பது அவ்வேரின் பொருள். மஜ்லிஸுக்கு ஹாளிராதல் என்று நம் வீடுகளில் சொல்கின்றோமே, அதுவும் அவ்வேரில் முளைத்த சொல்லே!

ஒரு மனிதனைப் பிடித்து அடைப்பதற்கு நாகரிக உலகம் வகுத்துள்ள நெறிகள் பலவாயினும், அவற்றின் அடிப்படை இதுதான்: யாரேனும் ஒருவர் முன்னே இருக்க வேண்டும். பார்க்கும் கண் ஒன்று வேண்டும். கையொப்பமிடும் கை ஒன்று வேண்டும்.

ஆனால் நாம் என்ன செய்கின்றோம்? முடிச்சூரிலும் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில், 'பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது' என்னும் செய்தி வந்தால் முதற்கண் கதவு சாத்தப்படுகின்றது. அண்டை வீட்டாருக்குத் தெரியலாகாது, சம்பந்தி வீட்டாருக்குத் தெரியலாகாது, ஜமாஅத்தாருக்குத் தெரியவே கூடாது என்று வாய்கள் அடைக்கப்படுகின்றன. 'விடியட்டும், பார்க்கலாம்' என்கின்றனர் பெரியோர். மானம் காக்க எண்ணிச் செய்யும் இச்செயல், எந்த இரவில் பிள்ளையைத் தனியே விடலாகாதோ அந்த இரவில் அவனைத் தனியே விட்டுவிடுகின்றது. அவன் குற்றவாளியா அல்லவா என்பதை நீதிமன்றம் பின்னர் முடிவு செய்யும். அவன் உடலும் உயிரும் நலமாக இருக்கின்றனவா என்பதோ அன்றிரவே கவனிக்க வேண்டியது.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை வரிசையாகக் காண்போம். கைதின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் ஆஜர்படுத்த வேண்டும் என்பவை நமது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தந்துள்ள உரிமைகள். ஆயினும் அந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே எத்தனையோ உயிர்கள் மாய்ந்தன. மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிப் பணியில் ஈடுபட்டிருந்த டி. கே. பாசு என்பார் 1986ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பாயிற்று. கைது செய்வோர் பின்பற்ற வேண்டிய 11 நெறிகளை நீதிமன்றம் அதில் வகுத்தளித்தது. அவற்றுள் பலவும் பின்னர்ச் சட்டத்திலேயே இடம்பெற்றன. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை தொடர்கின்றன.

கைது செய்யும்போதே ஒரு கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ, அவ்வூரில் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். கைதானவரும் கையொப்பமிட வேண்டும். குடும்பத்தார் அங்கு இல்லையெனில், தாம் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி அனுப்பச் சொல்லும் உரிமை உண்டென்பதைக் கைதானவருக்கு அறிவிக்க வேண்டும். அவரைச் சோதனையிடலாம், ஆனால் உடுத்த வேண்டிய உடையைத் தவிர எடுத்த பொருள்கள் அனைத்துக்கும் ரசீது தர வேண்டும். பெண்ணாயின் பெண்ணே சோதனையிட வேண்டும். அதுவும் நாணத்துக்கு ஊறு நேராவண்ணம் செய்ய வேண்டும். மருத்துவர் உடலைப் பார்த்து, காயங்கள் இருப்பின் அவற்றையும், அவை ஏறத்தாழ எப்பொழுது உண்டாயின என்பதையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் படி ஒன்று கைதானவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ கிடைக்க வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்தல் பொதுவாகக் கூடாது. தவிர்க்க முடியாதபோது நடுவரின் முன் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரியே அதனைச் செய்ய வேண்டும்.

நடுவர் காவலில் வைக்க ஆணையிட்டபின் கைதானவர் செல்லும் இடம் கிளைச் சிறையாக இருக்கலாம். நம் நகரின் வடகோடியிலுள்ள புழல் மத்திய சிறையாகவும் இருக்கலாம். எங்காயினும் சிறைவாயிலில் மீண்டும் ஒரு பதிவு உண்டு. வருபவரைச் சோதனையிட வேண்டும். மருத்துவர் அவரைப் பார்த்து, உடல்நிலையையும் மேனியிலுள்ள காயங்களையும் வடுக்களையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அவருடைய பணமும் பொருளும் சிறை அதிகாரியின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமே எழுதி வைத்தது. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டில் ஏற்ற விதிகளும், வாயிலிலேயே காயங்களையும் உடைமைகளையும் எழுத வேண்டும் என்கின்றன. அப்பதிவேட்டில் எழுதத் தகாதது ஒன்றும் உண்டு. சிறைப் பதிவேடுகளில் இருந்துவந்த சாதிக் கட்டத்தை நீக்குமாறு 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காயத்தை ஏன் வாயிலில் எழுத வேண்டும்? சிறைக்குள் வந்தபின் ஏற்பட்டதா, வருமுன்னரே ஏற்பட்டதா என்பதைச் சொல்ல அதைவிட வேறு சாட்சி இல்லை. ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு கைதியைக் காப்பது போலவே நேர்மையான காவலரையும் சிறை அதிகாரியையும் வீண்பழியிலிருந்து காக்கின்றது. அது பொய்யாகும்போது, அல்லது எவரும் படியாத வெறுந்தாளாகும்போது, என்ன நிகழும் என்பதை நம் தமிழகம் இருமுறை கண்கூடாகக் கண்டது.

முதலாவது, நெருக்கடி நிலைக் காலம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்குவோருக்கு ஒரு காலத்தில் சென்னை மத்திய சிறை மிக அருகில் இருந்தது. 1837இல் எழுந்த அச்சிறை 2006இல் புழலுக்கு மாறியது; பழைய கட்டடங்கள் 2009இல் இடிக்கப்பட்டு, அவ்விடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உரியதாயிற்று. 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டதும் மிசாச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள் அச்சிறையில்தான் இருந்தனர். பிப்ரவரி 2ஆம் நாள் இரவு அவர்கள் அடிக்கப்பட்டனர். வெளியார் கண் ஒன்றும் அங்கு இல்லை. சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அடிபட்டவர்களுள் ஒருவர். 1977 ஜனவரியில் அவர் காலமானார்.

அச்சிறையில் நடந்ததை விசாரிக்க 1977இல் ஒரு நபர் ஆணையம் அமைந்தது. அப்பொறுப்பு யாரிடம் அளிக்கப்பட்டது தெரியுமா? நாகூர் ஈன்ற நன்மகன், கம்பனில் தோய்ந்த தமிழறிஞர், உயர் நீதிமன்ற நீதிபதி மு. மு. இஸ்மாயில் அவர்களிடம்! காப்பியத்தின் ஒரு சொல்லையும் நழுவ விடாது ஆராய்ந்த அவர், சிறைச்சாலையின் ஓர் இரவையும் அவ்வாறே ஆராய்ந்தார். கைதிகள் அடிக்கப்பட்டது உண்மையே என்று ஆணையம் கண்டது. அவர் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் ஆனார். அவருடைய கம்பராமாயணப் பேச்சை நம்மில் பலர் போற்றுகின்றோம். இந்த விசாரணையையும் நாம் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

இரண்டாவது, சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜ் என்னும் வணிகரும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோய்த்தொற்றுக் காலத்தில் அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பது அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். மறுநாள் மருத்துவச் சான்று பெறப்பட்டது. காவலில் வைக்க ஆணை பிறந்தது. மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறையின் கதவு திறந்தது. மூன்று வாயில்கள், மூன்றிலும் தாள்கள் நிரப்பப்பட்டன. ஒரு வாயிலிலேனும் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பின் நிலைமை வேறாகியிருக்கலாம். ஜூன் 22 இரவில் மகனும், 23 அதிகாலையில் தந்தையும் மாண்டனர். நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றே தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதும் நீதித்துறை நடுவரின் விசாரணையில் வெளிவந்தது. எனினும் ஒருவர் கண்டிருந்தார். அன்றிரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, அச்சத்தை வென்று, கண்டதைக் கண்டவாறே நடுவரிடம் சொன்னார். அவர் முன்னிலையில் இருந்தமையால் அன்றோ உண்மை உயிர் பிழைத்தது!

இனி நம் ஊருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், முடிச்சூரில் நம் தெருவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கடைவீதிக் கைகலப்பு ஒன்றில் அகப்பட்டுக்கொண்டான். இரவு ஒன்பது மணியிருக்கும். அவன் அத்தா வெளிநாட்டில். தாயார் கலங்கி நின்றார். வழக்கம்போல் 'காலையில் போகலாம்' என்னும் பேச்சு எழுந்தது. நாமும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரும் தெரிந்த வக்கீல் ஒருவரும் அன்றிரவே புறப்பட்டுச் சென்றோம். கூச்சல் இல்லை, சிபாரிசும் இல்லை. கைதுக் குறிப்பில் சாட்சிக் கையொப்பமிட வந்திருப்பதாகச் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலிகளைக் காட்டினார். பெரியவர் குறிப்பை முழுவதும் படித்தார், எழுதியிருந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டார், பின்பே கையொப்பமிட்டார். பையனின் கைப்பேசிக்கும் கடிகாரத்துக்கும் மணிபர்சிலிருந்த பணத்துக்கும் ரசீது கேட்டோம், கிடைத்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது உடன் சென்றோம். புறப்படுகையில் அந்த அதிகாரி, "பாய், ராத்திரியே யாராவது வந்துட்டா எங்களுக்கும் நல்லதுதான்" என்றார். அச்சொல்லில் இருந்த நேர்மையை நாம் இன்றும் மதிக்கின்றோம்.

வழக்கு நடந்தது, முடிந்தது. அவன் இப்போது கடை வைத்திருக்கின்றான். அன்று கதவைச் சாத்திக்கொள்ள எண்ணிய அதே தாயார், பின்னொரு நாள் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டி, "பயப்படாதீங்க அக்கா, முதல்ல ஆளை அனுப்புங்க" என்று சொன்னதையும் நாம் கேட்டோம்.

சிறைப்பட்டவன் நமக்கு அந்நியன் அல்லன். ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பதைப் போற்றும் திருமறை, அவ்விருவரோடு கைதியையும் சேர்த்தே சொல்கின்றது. யூசுஃப் நபியவர்கள் குற்றமின்றிச் சிறையிருந்த வரலாற்றை நம் குழந்தைகள் அறிவர். அரசன் அழைத்தபோதும், தம்மீது சாட்டிய பழி விசாரிக்கப்பட வேண்டும் என்றே அவர்கள் முதலில் கேட்டார்கள். இவ்வளவும் அறிந்த நாம், ஒரு பிள்ளை பிடிபட்டதும் அவன் பெயரையே வாயில் எடுக்க நாணுவது முறையாகுமா?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருவரோ மூவரோ இதற்கென இருத்தல் வேண்டும். இரவில் எழுந்து செல்லக் கூடியவர்கள், நிதானமாகப் பேசக் கூடியவர்கள், எழுதியதைப் படித்தபின்பே கையொப்பமிடுகிறவர்கள். பெண்ணுக்கு இடர் வந்தால் உடன் செல்லப் பெண் ஒருவரும் வேண்டும். வக்கீலுக்குப் பொருள் இல்லாதவர்க்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. காவலில் இருப்பவர் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர். 15100 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதில் குறைவொன்றும் இல்லை. இவை நம் சமுதாயத்தாருக்கு மட்டும் உரிய உதவிகளாக இருத்தல் கூடாது. அடுத்த தெருவின் முருகன் வீட்டுக்கும் அந்தோணி வீட்டுக்கும் அந்தப் பெரியவர் செல்லட்டும்; அவ்வூரில் மதிப்புக்குரியவர் என்று சட்டம் சொல்வது எல்லார்க்கும் பொதுவான ஒருவரையே.

கைதுக் குறிப்பின் அடியில் சாட்சிக்கென ஓரிடம் உண்டு. அவ்விடத்தில் நம் பெயர் எழுதப்பட வேண்டும். அது விடியும் வரை காத்திராது.